ஐந்து மணி நேரம் ஓட்டியும் நிறையாத பேட்டரி: கேம்பர் வேனின் இரண்டாம் பேட்டரிக்குள் என்ன நடக்கிறது?

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் ஒரு வார இறுதியைக் கழித்துவிட்டு, ஞாயிறு மதியம் விண்டர்மியரிலிருந்து லண்டனுக்குத் திரும்புகிறது, படுக்கையும் ஃபிரிட்ஜும் உள்ளேயே கொண்ட ஒரு கேம்பர் வேன். ஏறத்தாழ ஐந்து மணி நேர ஓட்டம். வழி நெடுக எஞ்சின் ஓடியிருக்கிறது, அதோடு இணைந்து மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரும் சுழன்றிருக்கிறது. ஆகவே பேட்டரி நிறைந்திருக்கும் என்று வேனை வாசலில் நிறுத்திப் பூட்டிவிடுகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படியே போகும். பிறகு ஒரு பயணத்தில், முதல் இரவே ஃபிரிட்ஜ் நின்றுவிடும். ‘பேட்டரி மட்டமான சரக்கு’ என்று சொல்லிப் புதிதாக ஒன்று வாங்குவார்கள். அதுவும் இரண்டு மூன்று ஆண்டுகளில் அதே கதிக்கு ஆளாகும்.

பெரும்பாலும் குற்றம் பேட்டரியுடையது அல்ல. சார்ஜ் ஆவதும் நிறைவதும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்காததால் வரும் வினை இது. ஈய பேட்டரியைப் பொறுத்தவரை, எவ்வளவு எடுத்தோம் என்பதைவிட, எடுத்ததை முழுதாகத் திருப்பி நிரப்பினோமா என்பதே அதன் ஆயுளை முடிவு செய்கிறது. இப்போது பரவிவரும் லித்தியம் பேட்டரியின் குணம் இதற்கு நேர் எதிர். ஒன்றுக்குப் பழகிய கையோடு மற்றொன்றைக் கவனித்தால் இரண்டும் கெடும்.

இரண்டு பேட்டரி எதற்கு?

கேம்பர் வேனில் வழக்கமாக இரண்டு மின்சுற்றுகள் உண்டு. ஒன்று வண்டியுடையது: எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் பேட்டரி. மற்றொன்று வீட்டுடையது: விளக்கு, ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்ப், டீசல் ஹீட்டர் ஆகியவற்றுக்கான துணைப் பேட்டரி. இதை பிரிட்டனில் லெஷர் பேட்டரி என்பார்கள். இரவெல்லாம் ஃபிரிட்ஜ் ஓடினாலும் காலையில் எஞ்சின் கிளம்ப வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பிரிவினை.

பார்க்க இரண்டும் ஒரே மாதிரிப் பெட்டிதான், உள்ளே அமைப்பு வேறு. ஸ்டார்ட்டர் பேட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் தர அந்தப் பரப்பு தேவை. அதை அடிக்கடி அடிவரை இறக்கினால் தகட்டில் பூசியிருக்கும் ஈயப் பசை உதிரத் தொடங்கும். துணைப் பேட்டரியின் தகடுகள் தடிமனானவை. பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளும்படி செய்யப்பட்டவை.

தமிழ்நாட்டு வீடுகளில் இன்வெர்ட்டரோடு இருக்கும் பேட்டரியும் இதே ஈய இரசாயனம்தான். ஆனால் வாழ்க்கை முறையில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மின்தடை முடிந்து கரண்ட் வந்ததும் இன்வெர்ட்டர் அதை நிரப்பத் தொடங்கிவிடும், மறுபடி கரண்ட் போகும்வரை நிறைந்த நிலையிலேயே வைத்திருக்கும். வேன் பேட்டரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முக்கால்வாசி நிறைந்தும் நிறையாமலும்தான் அதன் பெரும்பாலான நாட்கள் கழிகின்றன.

கணக்கு: எவ்வளவு எடுக்கிறோம்?

பேட்டரியின் கொள்ளளவை ஆம்பியர்-மணியில் சொல்வார்கள். 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால், 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரும் என்று பொருள். இந்த 20 மணி நேரம் என்பது முக்கியம். அதே பேட்டரியிலிருந்து 50 ஆம்பியர் உறிஞ்சினால் இரண்டு மணி நேரம் வராது, கணிசமாக முன்பே அடங்கிவிடும். வேகமாக எடுக்க எடுக்க ஈய பேட்டரி குறைவாகத் தரும் என்பதை ஜெர்மானியரான பாய்க்கர்ட் 1897-இல் ஒரு சூத்திரமாகவே எழுதினார். இன்வெர்ட்டர் வைத்து மின்கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரு நாள் செலவு தோராயமாக இப்படி இருக்கும்:

1. கம்ப்ரெஸர் ஃபிரிட்ஜ்: ஓடும்போது 4 ஆம்பியர் இழுக்கும். நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினால் ஏறத்தாழ 35 ஆம்பியர்-மணி.
2. டீசல் ஹீட்டர்: எரியத் தொடங்கும் சில நிமிடங்களுக்கு 8 முதல் 10 ஆம்பியர், பிறகு ஃபேனுக்கு மட்டும் ஓரிரு ஆம்பியர். குளிர் இரவுக்கு ஏறத்தாழ 15.
3. விளக்கு, பம்ப், போன், மடிக்கணினி: எல்லாம் சேர்த்து 15.

ஆக ஒரு நாளைக்கு 65. வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு மதியம்வரை, வெளி மின்சாரம் எதையும் தொடாமல் இருந்தால், ஏறத்தாழ 100 ஆம்பியர்-மணி செலவாகும். ஈய பேட்டரியை வழக்கமாகப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால், இந்தப் பயணத்துக்கே 200 ஆம்பியர்-மணி வேண்டும். நம் விண்டர்மியர் வேனில் 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரிகள் இரண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஞாயிறு மதியம் அவை சரிபாதியில் நிற்கின்றன.

பாதியில் நின்றால் உள்ளே என்ன ஆகிறது?

12 வோல்ட் ஈய பேட்டரிக்குள் ஆறு செல்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஈயத் தகடு, ஈய டையாக்சைடு தகடு, இரண்டுக்கும் நடுவே நீர்த்த கந்தக அமிலம். 1859-இல் காஸ்டன் பிளான்டே பிரான்சில் உருவாக்கிய அமைப்பு இது. அடிப்படை இன்றும் மாறவில்லை.

மின்சாரம் எடுக்கும்போது அமிலத்திலுள்ள சல்ஃபேட் இரண்டு தகடுகளிலும் ஈய சல்ஃபேட்டாகப் படிகிறது, அமிலம் நீர்க்கிறது. சார்ஜ் செய்யும்போது அந்தப் படிவு கரைந்து அமிலத்துக்குத் திரும்புகிறது. புதிதாகப் படிந்தது மாவு போல நுண்ணியதாக இருக்கும், எளிதில் கரையும். அதை அப்படியே விட்டு நாட்கள் போனால் நுண்துகள்கள் ஒன்றுசேர்ந்து பெரிய படிகங்களாக இறுகுகின்றன. வாளியின் அடியில் உப்புத் தண்ணீர் விட்டுச்சென்ற வெள்ளைக் கறை நாளாக நாளாகக் கெட்டிப்படுவது போல. இறுகியது சாதாரண சார்ஜில் கரையாது. அது மூடிய தகட்டுப் பரப்பு இனி வேலை செய்யாது. இதைத்தான் சல்ஃபேஷன் என்கிறார்கள்.

இதிலிருந்து தெரிவது: பேட்டரி பாதிக்கு இறங்கியதால் கெடவில்லை. இறங்கிய பிறகு முழுதாக ஏறாமல் காத்திருந்த நாட்களில்தான் கெட்டது. 50 விழுக்காட்டுக்கு இறக்கி அன்றே 100-க்கு ஏற்றிய பேட்டரி, 70-க்கும் 85-க்கும் நடுவிலேயே மாதக்கணக்கில் ஊசலாடிய பேட்டரியைவிட நீண்ட நாள் வாழும்.

கடைசி 20 விழுக்காடு ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது?

நல்ல சார்ஜர் மூன்று கட்டமாக வேலை செய்யும்.

1. பல்க்: சார்ஜர் தன்னால் முடிந்த மின்னோட்டத்தை முழுதாகத் தரும். பேட்டரியின் மின்னழுத்தம் படிப்படியாக ஏறும். ஏறத்தாழ 80 விழுக்காடு வரை இந்தக் கட்டம்தான், வேகமாக முடியும்.
2. அப்சார்ப்ஷன்: மின்னழுத்தம் 14.4 வோல்ட் அளவைத் தொட்டதும் சார்ஜர் அதை அங்கேயே நிறுத்திவைக்கும். இப்போது எவ்வளவு மின்னோட்டம் வாங்குவது என்பதைப் பேட்டரி தீர்மானிக்கிறது. தகட்டின் ஆழத்திலுள்ள சல்ஃபேட் மெதுவாகத்தான் கரையும் என்பதால் மின்னோட்டம் 30 ஆம்பியரிலிருந்து 20, 10, 5 என்று தேய்ந்துகொண்டே போகும். எவ்வளவு பெரிய சார்ஜர் வைத்தாலும் இந்தக் கட்டம் நான்கு, ஐந்து, சில வேளை அதற்கு மேலும் மணிகள் எடுக்கும்.
3. ஃப்ளோட்: நிறைந்த பின் 13.5 முதல் 13.8 வோல்ட் வரை இறக்கி, தானாகக் குறைவதை மட்டும் ஈடுசெய்யும்.

14.4 என்பது பொதுவான எண். அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சவைத்த ஏ.ஜி.எம் வகைகளில் சில 14.7 கேட்கும். அமிலத்தைக் கூழாக்கிய ஜெல் வகை 14.1-இலிருந்து 14.4-க்குள் நின்றாக வேண்டும், மீறினால் ஜெல்லுக்குள் குமிழிகள் தங்கி நிரந்தரச் சேதம் ஆகும். பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள எண்ணைத்தான் சார்ஜரில் வைக்க வேண்டும், பக்கத்து வேன்காரர் சொல்லும் எண்ணை அல்ல.

வெப்பமும் இந்த எண்ணை மாற்றும். 25 டிகிரி செல்சியஸை அடிப்படையாக வைத்தால், ஒவ்வொரு டிகிரி குறைவுக்கும் 12 வோல்ட் ஈய பேட்டரிக்கு ஏறத்தாழ 0.02 முதல் 0.03 வோல்ட் கூடுதலாகத் தேவை. 5 டிகிரி ஜனவரியில் 14.4 போதாது, 14.8 முதல் 15.0 வரை வேண்டும். வெயிலில் 40 டிகிரியில் அதே 14.4 அதிகப்படி. இதைச் சரிசெய்யவே சார்ஜரோடு வரும் வெப்ப உணரியைப் பேட்டரியின் மீது ஒட்டாமல் சுவரில் தொங்கவிட்டவர்கள் இந்த வசதியை வாங்கியும் பயன்படுத்தாதவர்கள்.

ஓட்டும்போது நிறையாததற்கு மூன்று காரணங்கள்

முதல் காரணம் நேரம். பாதியில் நிற்கும் 200 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு, இழப்பையும் சேர்த்து, ஏறத்தாழ 115 திருப்பித் தர வேண்டும். 30 ஆம்பியர் வீதம் என்றால் நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று தாளில் கணக்கு வரும். ஆனால் அந்த 30 இரண்டு மணி நேரம்தான் நிற்கும், பிறகு அப்சார்ப்ஷன் தொடங்கித் தேயும். எல்லாம் சரியாக இருக்கும் வேனிலேயே ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு 95 விழுக்காட்டை நெருங்கியிருந்தால் நல்ல விளைவு என்று கொள்ளலாம்.

இரண்டாவது காரணம் கம்பி. பலரும் கவனிக்காதது, ஆனால் எனக்கு இதுவே முதலில் பார்க்க வேண்டியதாகத் தோன்றுகிறது. எஞ்சின் முன்னால், துணைப் பேட்டரி பின்னால், நடுவே 6 மீட்டர். திரும்பி வரும் நெகட்டிவ் கம்பியும் சேர்ந்து 12 மீட்டர். 6 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி என்றால் மொத்த மின்தடை 0.035 ஓம். அதில் 30 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.05 வோல்ட் போய்விடும். ஆல்டர்னேட்டர் 14.4 அனுப்பினாலும் பேட்டரியின் வாசலில் 13.35-தான் வந்து சேரும். மின்னழுத்த வேறுபாடு சுருங்கியதால் மின்னோட்டமும் சுருங்கும். மின்னோட்டம் குறையக் குறைய இழப்பும் குறையும் என்பது உண்மை. ஆகவே நிறையவே நிறையாது என்பதில்லை, ஆனால் ஐந்து மணி நேர வேலை ஒரு நாள் முழுக்க இழுத்துக்கொண்டு போகும். அதே தூரத்துக்கு 25 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு கால் வோல்ட்தான். துருவேறிய ஒரு டெர்மினலும் தளர்ந்த ஒரு நட்டும் மெல்லிய கம்பி செய்யும் கேட்டை அப்படியே செய்யும். கூடவே சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

மூன்றாவது காரணம் ஆல்டர்னேட்டரே. பழைய வண்டிகளில் எஞ்சின் ஓடும்வரை 14 வோல்ட்டுக்கு மேல் நிலையாக வந்துகொண்டிருக்கும். அதனால் ஒரு எளிய ரிலே போதுமானதாக இருந்தது: ஸ்டார்ட்டர் பக்கம் 13.3 வோல்ட்டைத் தாண்டினால் இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும், 12.8-க்கு இறங்கினால் பிரிக்கும். 2010-களின் நடுவில் ஐரோப்பாவில் யூரோ 6 புகை விதி வந்தபோது, எரிபொருளை மிச்சப்படுத்த வழி தேடிய தயாரிப்பாளர்கள் பலர் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டருக்கு மாறினார்கள். ஸ்டார்ட்டர் பேட்டரி போதிய அளவு நிறைந்ததும் வண்டியின் கணினி ஆல்டர்னேட்டரை 12.5 வோல்ட் அளவுக்கு இறக்கிவிடும். எஞ்சினுக்குச் சுமை குறையும். பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்தில் உருளும்போதும் 15 வோல்ட் வரை ஏற்றி, வீணாகப் போகும் விசையைப் பிடித்துக்கொள்ளும். வண்டிக்கு இது நல்லது, துணைப் பேட்டரிக்கு அல்ல. 12.5-இல் ரிலே பிரிந்துவிடும். பிரியாமல் எஞ்சின் சமிக்ஞையால் பிடித்து வைக்கப்பட்ட ரிலே என்றால், துணைப் பேட்டரியிலிருந்தே முன்பக்கத்துக்கு மின்சாரம் ஓடும். ஐந்து மணி நேரம் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போன வேன், புறப்பட்டபோது இருந்ததைவிடச் சற்றே நிறைந்த பேட்டரியுடன் வீடு சேர்வது இப்படித்தான்.

தீர்வு: நடுவே ஒரு சார்ஜர்

ரிலேயின் இடத்தில் டி.சி–டி.சி சார்ஜர் வைப்பதே இன்று நிலைபெற்ற வழி. பிரிட்டனில் பி-டு-பி, அதாவது பேட்டரியிலிருந்து பேட்டரிக்கு, என்று அழைப்பார்கள். முன்னால் 12.5 வந்தாலும் 15 வந்தாலும், பின்னால் இருக்கும் பேட்டரிக்கு எந்தக் கட்டத்தில் எவ்வளவு வேண்டுமோ அதை இது உருவாக்கித் தரும். பொருத்தும்போது நான்கு விஷயங்கள்:

1. துணைப் பேட்டரிக்கு அருகில் பொருத்த வேண்டும். கம்பியில் இழந்ததை அது ஈடுகட்டும், ஆனால் தனக்குப் பின்னால் இழப்பதை ஈடுகட்ட முடியாது.
2. 30 ஆம்பியர் சார்ஜர் முன்பக்கத்திலிருந்து 30-தான் இழுக்கும் என்று எண்ணக் கூடாது. 14.4 வோல்ட்டில் 30 ஆம்பியர் என்பது 432 வாட். நுழையும் மின்னழுத்தம் 12.5, திறன் 90 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 38 ஆம்பியர் இழுக்கும். கம்பியும் ஃபியூஸும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.
3. ஃபியூஸ் இரண்டு முனைகளிலும் வேண்டும், ஏனெனில் இரண்டு முனைகளிலும் பேட்டரி இருக்கிறது. நடுவே கம்பி உரசி வண்டியின் உலோக உடலில் பட்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் மின்சாரம் பாயும்.
4. ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வண்டியில் மின்னழுத்தத்தைப் பார்த்து ‘எஞ்சின் ஓடுகிறது’ என்று முடிவு செய்ய முடியாது. இக்னிஷனிலிருந்தோ ஆல்டர்னேட்டரிலிருந்தோ ஒரு தனிச் சமிக்ஞைக் கம்பி தர வேண்டும்.

இதற்குப் பிறகும் அந்தக் கடைசி ஐந்து விழுக்காடு மிஞ்சும். வீட்டு வாசலில் ஒரு இரவு 230 வோல்ட் சார்ஜரில் செருகி வைப்பதே அதற்கு மருந்து. கேம்ப்சைட்டுகளில் இருக்கும் நீல நிற ஹுக்-அப் சாக்கெட்டும் அதே வேலையைச் செய்யும். ஈய பேட்டரிக்கு அதன் கொள்ளளவில் 10 முதல் 20 விழுக்காடு ஆம்பியர் உள்ள சார்ஜர் பொருத்தம்: 200-க்கு 20 முதல் 40.

சோலார்: ஜூனில் அரசன், டிசம்பரில் ஆண்டி

கூரையில் படுக்கை வாட்டில் ஒட்டிய 100 வாட் பேனல் லண்டன் ஜூனில் ஒரு நாளைக்கு 350 வாட்-மணி அளவுக்குத் தரும். அதாவது ஏறத்தாழ 27 ஆம்பியர்-மணி. அதே பேனல் டிசம்பரில் அதில் பத்தில் ஒரு பங்கு தந்தாலே நல்ல நாள். சூரியன் தாழ்வாக ஊர்ந்து போவதும், பகல் எட்டு மணி நேரமே இருப்பதும், மேகமும் சேர்ந்த விளைவு. நார்வேயின் வடகோடிப் பகுதிக்குப் போனால் டிசம்பரில் சூரியன் தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை.

ஆயினும் ஈய பேட்டரிக்கு சோலார் செய்யும் நன்மை, அது தரும் ஆம்பியர் கணக்கில் மட்டும் அடங்கவில்லை. கோடையில் வாசலில் நிற்கும் வேனுக்கு, தேயும் அப்சார்ப்ஷன் கட்டத்துக்குத் தேவையான அதே சிறு மின்னோட்டத்தைப் பகல் முழுவதும் தந்துகொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டர் முடிக்காமல் விட்ட வேலையை அது முடித்துவைக்கிறது.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே வரும் கட்டுப்படுத்தியில் இரண்டு வகை. 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரும் பேனலை பி.டபிள்யூ.எம் வகை நேரடியாகப் பேட்டரியோடு இணைப்பதால், 13 வோல்ட்டில் அதே 5.5 ஆம்பியர், அதாவது 72 வாட்தான் கிடைக்கும். எம்.பி.பி.டி வகை கூடுதல் மின்னழுத்தத்தைக் கூடுதல் ஆம்பியராக மாற்றிக்கொள்ளும். எதை வாங்கினாலும் முதலில் பேட்டரியை இணைத்து, பிறகு பேனலை இணைப்பதே வழக்கம். கழற்றும்போது தலைகீழ்.

லித்தியம்: பழக்கத்தையே மாற்ற வேண்டும்

வேன்களில் வருவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. போனிலும் மடிக்கணினியிலும் இருப்பதைவிட இது வெப்பத்தில் நிலையானது. 1997-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்எனஃபின் குழு இந்தப் பொருளை மின்முனையாகப் பயன்படுத்திக் காட்டியது. லித்தியம்-அயன் பேட்டரி வளர்ச்சிக்காக 2019-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர்.

100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி 25 முதல் 30 கிலோ. லித்தியம் அதில் பாதிக்கும் குறைவு. அதோடு 80, 90 விழுக்காடு வரை தயங்காமல் பயன்படுத்தலாம். சாதாரணக் கார் உரிமத்தில் ஓட்டக்கூடிய 3,500 கிலோ வரம்புக்குள் தண்ணீர், சைக்கிள், பிள்ளைகள் எல்லாவற்றையும் அடக்கப் பாடுபடுபவர்களுக்கு இந்த எடைக் குறைவே மாறுவதற்குப் போதிய காரணம்.

ஈயத்தில் கற்ற ஒவ்வொரு பாடமும் இங்கே புரண்டு நிற்கிறது.

1. முழுதாக நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. 60 விழுக்காட்டில் வாரக்கணக்கில் நின்றாலும் சல்ஃபேஷன் போன்ற எதுவும் நேராது. முழுதாக நிரப்பி, வெப்பத்தில் மாதக்கணக்கில் வைப்பதுதான் இதை மூப்படையச் செய்யும்.

2. எப்போதாவது நிரப்பத்தான் வேண்டும். நான்கு செல்கள் தொடராக உள்ளன. அவற்றைச் சமன்செய்யும் வேலையை உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்றான பி.எம்.எஸ், செல்கள் உச்சத்தை நெருங்கும்போதுதான் செய்யும். மாதம் ஒருமுறை போல 14.2 முதல் 14.4 வோல்ட் வரை ஏற்றிச் சிறிது நேரம் வைத்தால் போதும்.

3. தேயும் கட்டம் மிகச் சிறிது. ஏறக்குறைய நிறையும்வரை தரும் மின்னோட்டம் முழுவதையும் வாங்கிக்கொள்ளும். நம் விண்டர்மியர் வேனில் 30 ஆம்பியர் டி.சி–டி.சி சார்ஜரும் லித்தியமும் இருந்திருந்தால், செலவான 100-ஐ நான்கு மணி நேரத்துக்குள் திருப்பியிருக்கும்.

4. அந்தப் பசியே ஆபத்தும்கூட. உள்மின்தடை மிகக் குறைவு என்பதால், பழைய ரிலே வழியாக நேரடியாக இணைத்தால் ஆல்டர்னேட்டரால் முடிந்ததையெல்லாம் உறிஞ்சும். எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது ஆல்டர்னேட்டரின் குளிர்விசிறி மெதுவாகச் சுழலும், சுமை மட்டும் முழுதாக இருக்கும், சுருள் கருகும். இன்னொன்று: பேட்டரி நிறைந்ததும் பி.எம்.எஸ் திடீரெனத் துண்டித்தால், போக்கிடம் இல்லாத மின்னோட்டம் மின்னழுத்தத்தைத் துள்ளவைத்து ஆல்டர்னேட்டரின் டையோடுகளை உடைக்கலாம். இந்த இரண்டுக்காகவே லித்தியத்துக்கு டி.சி–டி.சி சார்ஜர் விருப்பத் தேர்வு அல்ல, கட்டாயம் என்று நினைக்கிறேன். ‘அப்படியே மாற்றிக்கொள்ளலாம்’ என்று விளம்பரம் செய்யப்படும் பேட்டரிக்கும் இது பொருந்தும்.

5. பழைய சார்ஜரின் சல்ஃபேட் நீக்கும் துடிப்பு, செல்களைச் சமன்செய்ய 15 வோல்ட்டைத் தாண்டும் ஈக்வலைஸ் கட்டம், வெப்ப ஈடு, மூன்றையும் அணைத்துவிட வேண்டும்.

உறைநிலையில் சார்ஜ் செய்யக் கூடாது

லித்தியத்தின் பெரிய பலவீனம் இது. செல்லின் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் செய்தால், லித்தியம் அயனிகள் கார்பன் மின்முனைக்குள் நுழைய முடியாமல் அதன் மேல் உலோகமாகப் படியும். படிந்தது திரும்பாது. கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும், உள்ளே குறுக்குச் சுற்று ஏற்படவும் வழி உண்டு. எடுப்பதில் இந்தச் சிக்கல் இல்லை, −20 வரை பெரும்பாலான பேட்டரிகள் தரும்.

ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் ஜனவரி காலை நடப்பதை எண்ணிப் பாருங்கள். இரவெல்லாம் உறைந்த வேனில் ஏறி சாவியைத் திருப்பிய மறுநொடி 30 ஆம்பியர் பாய்கிறது. நல்ல பி.எம்.எஸ் என்றால் உறைநிலையில் சார்ஜை மறுக்கும். மலிவானவற்றில் அந்த உணரியே இல்லாமல் இருப்பதுண்டு. வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. பேட்டரியை வண்டிக்கு அடியில் தொங்கவிடாமல் ஹீட்டர் காற்று படும் உள்பெட்டியில் வைப்பதும், தானே சூடாக்கிக்கொள்ளும் வகையை வாங்குவதும் மற்ற வழிகள்.

ஈய பேட்டரி குளிரில் சார்ஜ் ஆகும், மெதுவாக. ஆனால் காலியான நிலையில் உறைந்துவிடும். அமிலம் நீர்த்துப்போயிருப்பதால் −10 டிகிரிக்கு முன்பே பனிக்கட்டியாகி, பெட்டியைப் பிளக்கும். முழுதாக நிறைந்தது −50-லும் உறையாது.

எவ்வளவு மிச்சம் என்று எப்படி அறிவது?

ஈயத்தில் மல்டிமீட்டர் போதும், ஒரு நிபந்தனையோடு: சார்ஜும் இல்லாமல் செலவும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்ந்த பிறகு பார்க்க வேண்டும். 12.7-உம் அதற்கு மேலும் நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால். சோலார் வெயிலில் இருக்கும்போது 13.6 காட்டுவது பேட்டரியின் நிலை அல்ல, சார்ஜரின் எண்.

லித்தியத்தில் இந்த வழி பயன்படாது. 90 விழுக்காட்டிலிருந்து 40 வரை இறங்கும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 0.2 வோல்ட்தான் மாறும். ஆகவே நெகட்டிவ் கம்பியில் ஷன்ட் என்னும் அளவிட்ட சிறு மின்தடையை வைத்து, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ண வேண்டும். எல்லா நெகட்டிவ் இணைப்புகளும் ஷன்ட்டின் வெளிப்பக்கத்தில்தான் வர வேண்டும். ஒன்றை நேரடியாகப் பேட்டரியில் மாட்டினால் அந்தச் செலவு கணக்கில் ஏறாது. எண்ணிக்கையில் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும் என்பதால், மாதாந்திர முழுச் சார்ஜில் மீட்டர் தன்னை 100-க்குத் திருத்திக்கொள்ளும்.

நிறுத்தி வைக்கும் மாதங்கள்

எதுவுமே ஓடவில்லை என்று தோன்றும் வேனிலும் அலாரம், டிராக்கர், ரேடியோ நினைவகம், கண்ட்ரோல் பேனல் எல்லாம் சேர்ந்து 50 மில்லிஆம்பியர் இழுப்பது சாதாரணம். மாதத்துக்கு 36 ஆம்பியர்-மணி. மூன்று மாதத்தில் ஒரு 100 ஆம்பியர்-மணி பேட்டரி தரைதட்டிவிடும். அப்படியே குளிர்காலம் போனால் அது மீளாது.

ஈயமானால்: முழுதாக நிரப்பி, நெகட்டிவைக் கழற்றி வைத்து, ஒன்றிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி நிரப்ப வேண்டும். அல்லது ஃப்ளோட் கட்டம் உள்ள சார்ஜரிலேயே விட்டுவிடலாம். திறந்து ஊற்றும் வகையில் தகடு மறையும்படி டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே விட வேண்டும், அதையும் சார்ஜ் ஆன பிறகு. அமிலம் சேர்க்கவே கூடாது. சார்ஜின் இறுதியில் ஹைட்ரஜன் வாயு வெளிவரும், காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கும். வாயுக் குழாய் வண்டிக்கு வெளியே போகிறதா என்பதைத் தூங்கும் இடத்துக்கு அடியில் பேட்டரி வைத்திருப்பவர்கள் இன்றே பார்க்க வேண்டும்.

லித்தியமானால்: 50, 60 விழுக்காட்டில் நிறுத்தி, சுமை எல்லாவற்றையும் துண்டித்து, குளிர்ந்த இடத்தில் விட்டுவிடலாம். ஃப்ளோட்டில் மாதக்கணக்கில் செருகி வைப்பது தேவையில்லாதது.

மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்பதை மின்னழுத்தம் சொல்லாது. கொள்ளளவை இழந்த ஈய பேட்டரியும் ஓய்வில் 12.7-ஐ ஒட்டிக் காட்டக்கூடும், ஏனெனில் எஞ்சியிருக்கும் சிறு பரப்பு நிறைந்துதானே இருக்கிறது. முழுதாக நிரப்பி, ஓய்வுக்குப் பின், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 5 ஆம்பியர் சுமையைப் போட்டு, 10.5 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்று எண்ண வேண்டும். 20 மணி நேரம் என்றால் புதிது போல. 12 மணி நேரம் என்றால் அது இப்போது 60 ஆம்பியர்-மணி பேட்டரி. சோதித்த உடனே முழுதாக நிரப்பிவிட வேண்டும். இணையாக இரண்டு இருந்தால் தனித்தனியாகச் சோதித்து, ஒன்று கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது. பழையதோடு புதியதைக் கட்டினால், பழையதின் குறையை ஈடுகட்டியே புதியதும் சில மாதங்களில் அதன் நிலைக்கு வந்துவிடும்.